துப்பாக்கிக்காரரூடு

காலைக் கொஞ்சம் இந்தப் பக்கமா வெச்சுக்குங்க தம்பி. அந்தச் சாக்கு மேல மிதிச்சுராதீங்க. மம்பட்டிக் காம்பு இல்லீங்க அது, துப்பாக்கி. அட, எதுக்கு எந்திரிக்கறீங்க, உக்காருங்க! உள்ள ஒண்ணும் இல்லை. இருந்ததையெல்லாம் கோயமுத்தூர்ல ஒருத்தர் நோண்டி வெளிய எடுத்துப் போட்டுட்டாரு. அதுதான் இப்ப எனக்கு வெனையாப் போச்சு. கண்டக்டர்கிட்டச் சொல்லீட்டுத்தான் ஏத்துனேன். ஸ்டேசன்ல எழுதிக் குடுத்த சீட்டும் பையில இருக்குது. பயப்படாம உக்காருங்க.

காரைக்குடிக்குப் போறனுங்க. திண்டுக்கல்லுல எறங்கி மாறோணுமாமா. அங்க பழைய காலத்துச் சாமானத்துக்கு மதிப்புத் தெரிஞ்சவங்க இருக்கறாங்கன்னு எங்க ஊரு போஸ்ட்மேன் சொன்னான். இந்த ஆடி மாசம் பூராம் எனக்கு இதே பொழப்பாப் போச்சுங்க. தோட்டத்து வேலையெல்லாம் உட்டுப்போட்டு இதைத் தூக்கிக்கிட்டு பஸ் பஸ்ஸா ஏறி எறங்கறேன். ஒருத்தனாவது ஒழுங்காப் பாத்துச் சொல்றானா? ஒருத்தன் லண்டன்ல செஞ்சதுங்கறான். ஒருத்தன் லாடம் அடிக்கற பட்டறையில செஞ்சதுங்கறான். தாராபுரத்துல ஒருத்தன் கையில வாங்கித் தூக்கிப் பாத்துட்டு, எத்தன கிலோ வரும்னு கேக்கறான். எங்கய்யன் துப்பாக்கிய! பழைய இரும்பு வெலைக்கு! எனக்கு வந்த கோவத்துக்கு அவனை அங்கயே நாலு வார்த்த கேட்டுட்டுத்தான் வந்தேன்.

நான் யாருன்னு சொல்லவே இல்லை பாருங்க. நாச்சிமுத்துங்க. வெள்ளக்கோயிலுக்குத் தெக்க காட்டுவலசு. ஆனா அங்க வந்து நாச்சிமுத்து ஊடு எதுன்னு கேட்டீங்கன்னா ஒருத்தனும் சொல்ல மாட்டான். துப்பாக்கிக்காரரூடு எதுன்னு கேளுங்க, சின்னக் கொழந்தகூடக் கையப் புடிச்சுக் கூட்டியாந்து உட்டுரும். எங்கய்யன் பேரு சென்னியப்பன். அந்தப் பேரும் யாருக்கும் தெரியாது. துப்பாக்கிக்காரரு, அவ்வளவுதான். நான் துப்பாக்கிக்காரரு மகன். எம் புள்ளைக்குக் கண்ணாலப் பத்திரிகை அடிச்சப்ப அதையே அடைப்புக்குறியில போட்டு அடிச்சோமுங்க.

இது தோட்டா போடற துப்பாக்கி இல்லீங்க. வாய் வழியாக் கரிமருந்தைக் கொட்டி, தேங்கா நாரைத் திணிச்சு, ரவையப் போட்டு, மறுபடியும் நாரைத் திணிச்சு, கம்பி உட்டு இடிக்கோணும். பொறகு பின்னாடி இருக்கற மொளையில பொட்டு வெடியாட்ட ஒரு கேப்பு வெச்சு, குதிரைய இழுத்து உட்டா வெடிக்கும். ஒரு வாட்டி சுட்டுட்டு மறுவாட்டி சுடறதுக்குள்ள காட்டுப்பன்னி கரூரே போயிரும். ஆனா சத்தம் இருக்குதுங்களே, அதுக்குத்தான் மரியாதை. எங்கப்பாரு, எங்கய்யனோட அய்யன், ஒரு சிறுத்தைய அடிச்சாருன்னு கலெக்டர் தொரை கூப்புட்டு இதைக் கையில குடுத்தாராமா. பூட்டுத் தகட்டுல லண்டன்னு இங்கிலீசுல வெட்டியிருக்குது, சாக்கைப் பிரிச்சா நீங்களே பாக்கலாம். வேண்டாம், பஸ்ஸுல எதுக்கு.

ஆனா தொரை குடுத்ததுக்காக இதுக்குப் பேரு வல்லீங்க. எங்கய்யன் எங்க மாமனைச் சுட்டதுக்குத்தான் பேரு வந்துச்சு.

ஆமாங்க, மாமன்தான். எங்கம்மாகூடப் பொறந்தவரு. மாரப்பன்னு பேரு. எங்கம்மாவுக்கு எளையவரு, இடுப்புல தூக்கி வளத்துனது. அவரு தோட்டமும் எங்க தோட்டமும் ஒரே வாய்க்காத்தான். நாலு தோட்டந்தான் நடுவுல. அன்னைக்குத் தண்ணி மொறை எங்களுது. மாமன் பொழுதெறங்கறதுக்கு முன்னயே வந்து மடையத் தன்னோட பக்கம் திருப்பிக்கிட்டாரு. எங்கய்யன் கேட்டாரு. அவரு எடக்காப் பேசுனாரு. வார்த்தை முத்திப் போயி, கோமணங்கட்டுன பயலே நீயெல்லாம் எனக்கு மச்சானான்னு கேட்டுப்போட்டாரு. எங்கய்யன் மம்பட்டியக் கீழ போட்டாரு. நேரா ஊட்டுக்கு வந்தாரு, துப்பாக்கிய எடுத்தாரு, பன்னிக்குன்னு மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிச்சு வெச்சிருந்தது அப்பிடியே இருந்துச்சு, போனாரு. நானும் பின்னாடியே ஓடுனேன். எனக்கு அப்ப இருபது வயசு இருக்கும். வாய்க்கா மேட்டுல நின்னு எங்கய்யன் துப்பாக்கியத் தோளுக்குத் தூக்குனாரு. டமார்னு ஒரு சத்தம். அம்மாடி, இன்னைக்கும் காதுக்குள்ள இருக்குதுங்க. மாமன் அம்மான்னு கத்தீட்டு ஓடி, கிளுவ வேலிக்குள்ள தலைகுப்புற உளுந்தாரு. காலு ஒடிஞ்சு போச்சு. கெண்டைக்காலெல்லாம் ரத்தம். நான் எங்கண்ணால பாத்தது.

அதுக்கப்பறம் அவருக்குக் காலு சாய்வாத்தான் நிக்குது. ஊர்க் கூட்டம் போட்டாங்க. போலீசுக்குப் போலாம்னு அவரு பக்கத்து ஆளுக குதிச்சாங்க. மாமன் கட்டுலுல படுத்துக்கிட்டே சொன்னாராமா, எங்கக்கா தாலிக்காக நான் கேசு குடுக்கலை, ரவைய உள்ளயே வெச்சுக்கறேன்னு. அந்த ஒத்த வார்த்தைக்கே ஊரு அவரை அடுத்த வருசம் தலைவராக்கிருச்சு. இந்தப் பக்கம் எங்கய்யனுக்கு அன்னையிலிருந்து துப்பாக்கிக்காரருன்னு பேரு. எங்க காட்டுல ஒரு தேங்கா களவு போனதில்லை தெரியுங்களா? எங்க மொறைத் தண்ணிய ஒருத்தன் தொட்டதில்லை. எங்கய்யன் கோயல்ல சூடத்தை அடிச்சு, இனிமே இதைத் தோளுக்குத் தூக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீட்டாரு. எங்கம்மா சுட்ட அன்னைக்கே மருந்துக் கொம்பையும் ரவைப் பையையும் கொண்டு போயிக் கெணத்துல போட்டுருச்சு. துப்பாக்கிய மட்டும் போட உடலை.

ரெண்டு ஊட்டுக்கும் போக்குவரத்து நின்னுபோச்சு. யாரும் எங்கம்மாவைப் போகக் கூடாதுன்னு கட்டி வெக்கலீங்க. அதுவாத்தான் போகலை. எங்க ஊட்டுக்காரரு சுட்ட காலை நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போயிப் பாக்கறதுன்னு சொல்லும். வாய்க்கா மேட்டுல நின்னா அதோட பொறந்தூட்டு ஓடு தெரியும். அங்க நின்னு பாக்கும், வந்துரும். எங்கண்ணாலத்துல தாய்மாமன் சீரு இல்லை. எந்தங்கச்சி கண்ணாலத்துலயும் இல்லை. அட, அதெல்லாம் உடுங்க. போன தை மாசம் எங்கய்யன் போய்ச் சேந்துட்டாரு. புருசன் போனா பொம்பளைக்குப் பொறந்தூட்டுக் கோடிச் சேலை வரோணுமில்லீங்களா? கூடப் பொறந்தவன் கொண்டாந்து போத்தோணும். ஊரே கூடி நிக்குது, நாசுவர் ரெண்டு வாட்டி சத்தம் போட்டுக் கூப்புடறாரு, பொறந்தூட்டுக் கோடி, பொறந்தூட்டுக் கோடின்னு. ஒருத்தரும் வல்லை. எங்க பங்காளி ஊட்டுக் கெழவி ஒருத்தி தன்ற சேலைய எடுத்துப் போத்தி உட்டுச்சு. எங்கம்மா எங்கய்யனுக்கு அழுததை உட அதுக்குத்தான் அழுதுச்சு. பொறந்தூடு இருந்தும் அனாதையாட்ட நின்னுட்டனேடான்னு அதையேதான் போன வாரம் வரைக்கும் சொல்லீட்டு இருந்துச்சு. நான் சாகறதுக்குள்ள அவன் மொகத்தை ஒருக்காப் பாத்துப்போட்டுச் சாகோணும்னு சொல்லும். நான் என்ன பண்ணட்டும்? சுட்டது சுட்டாச்சு.

செரி, துப்பாக்கிக்கு வாறேன். எங்கய்யனோட லைசென்சு அவரோட போச்சுங்க. ஸ்டேசன்ல ரைட்டர் கூப்புட்டு உட்டாரு. ஒப்படைச்சுரு, இல்லாட்டி கடைக்காரனுக்கு வித்துரு, இல்லாட்டி பழம்பொருள்னு எங்கயாவது எழுதி வாங்கியான்னு சொன்னாரு. எந்தம்பி திருப்பூர்ல இருக்கறான், அவன் எனக்கு அந்தக் கெரகம் வேண்டாம்னுட்டான். பாகம் பிரிக்கறப்ப அவன் போர் மோட்டாரோட மேக்காட்டை எடுத்துக்கிட்டான், நான் துப்பாக்கிய வாங்கிக்கிட்டேன். பைத்தியமான்னு எங்கூட்டுக்காரி கேட்டா. போடி, போன்ல பாத்தீல்ல, இந்த மாதிரி ஒண்ணு எத்தன லச்சத்துக்குப் போச்சுன்னு நாந்தான் அவ வாய அடைச்சேன். வெறும் துப்பாக்கியே அவ்வளவு போகுதுன்னா, ஆளைச் சுட்ட துப்பாக்கி எவ்வளவு போகும்? நீங்களே சொல்லுங்க.

கோயமுத்தூர்ல ஒரு நாயுடு. மூணு தலைமொறையாத் துப்பாக்கிக் கடை. நல்ல மனுசருதான், காப்பியெல்லாம் வாங்கிக் குடுத்தாரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு, குழலைக் கட்டையில இருந்து கழட்டி, அடிப்பக்கமெல்லாம் தடவித் தடவிப் பாத்தாரு. வெளிநாட்டுக் குழலுன்னா சோதிச்சு முத்திரை குத்தியிருப்பாங்களாமா. இதுல ஒரு முத்திரையும் இல்லீங்களேன்னாரு. திருகாணியெல்லாம் அரத்துல ராவி எடுத்தது, கட்டை நம்ம மலை ஈட்டி மரம், இது நம்ம பக்கத்துப் பட்டறை வேலை, அந்தக் காலத்துல வித்துப் போகோணும்னு லண்டன்னு வெட்டி உடுவாங்க, அதுக்கென்ன, வேலை நல்ல வேலைதான்னாரு. எனக்கு எப்பிடி இருக்கும்? ஏனுங்க, தொரை குடுத்ததுன்னு சொல்றேன், அவரு பட்டறைங்கறாரு. தொரை பட்டறையிலயா வாங்கிக் குடுப்பாரு? அதையும் கேட்டனுங்க. அதுக்குச் சிரிக்கறாரு.

செரி, இந்தாளுக்குக் கதையச் சொன்னாத்தான் மதிப்புத் தெரியும்னு, மாமனைச் சுட்டதை ஆதியோட அந்தமாச் சொன்னேன். நல்லாக் கேட்டாரு. மருந்துக் கொம்பைக் கெணத்துல போட்டது வரைக்கும் கேட்டுப்போட்டு, புகை எப்பிடி இருந்துச்சுங்கன்னாரு. என்ன புகைங்கன்னேன். கரிமருந்துல சுட்டா எதுத்தாப்புல நிக்கற ஆளே தெரியாத அளவுக்கு வெள்ளையாப் புகை வருமே, நீங்க பக்கத்துலயே நின்னீங்களே, அதுதான் கேட்டேன்னாரு. இருந்துச்சுங்க, இருக்காமப் போகுமான்னேன். பொழுது சாஞ்ச நேரத்துல மாமன் உளுந்து கெடக்கறாரு, நான் புகையவா பாத்துட்டு நிப்பேன்?

அப்பறம் ஒரு ஈர்க்குக் கம்பிய எடுத்து வாய்க்குள்ள உட்டாரு. எது வரைக்கும் போகுதுன்னு வெரலை வெச்சுப் புடிச்சு வெளிய எடுத்து, குழலுக்கு மேல ஒட்டி வெச்சுப் பாத்தாரு. மறுபடியும் உட்டாரு. மறுபடியும் வெளிய வெச்சுப் பாத்தாரு. மொகம் மாறிப் போச்சு. கம்பி கேப்பு வெக்கற எடம் வரைக்கும் வரோணுமாமா. ஒரு சாணுக்கு முன்னயே நிக்குது. எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்கன்னு சத்தம் போட்டாரு. என்னுங்கன்னேன். கெட்டிச்சது கெட்டிச்சபடியே உள்ள இருக்குதுங்கன்னாரு.

எண்ணெய ஊத்தி, ஊற வெச்சு, கம்பி நுனியில ஒரு திருகு மாட்டி, கொஞ்சங் கொஞ்சமா இழுத்தாரு. நாரு வந்துச்சுங்க. கறுத்துப் போயி மக்கிப் போன தேங்கா நாரு. அப்பறம் ரவை. ரவைன்னா ரவையில்லை, சைக்கிளு பேரிங்கு குண்டு, எங்கய்யன் பன்னிக்கு அதைத்தான் போடுவாரு. அப்பறம் மறுபடி நாரு. அப்பறம் மருந்து, கட்டி கட்டியா, கருப்பட்டியாட்ட. பேப்பர்ல வரிசையாப் பரப்பி வெச்சுட்டு என்னைப் பாக்கறாரு. நான் உடுவனா? எங்கய்யன் சுட்டதுக்கப்பறம் மறுபடி கெட்டிச்சிருப்பாருன்னேன். எதை வெச்சுங்க? மருந்துக் கொம்பு கெணத்துல கெடக்குதுன்னு இப்பத்தான நீங்க சொன்னீங்கன்னாரு. அட கெரகமே! எம் வாயி இருக்குதே!

தம்பி, இத்தன வருசம் இது எங்க ஊட்டு நடையில சாத்தி வெச்சிருந்ததுங்க. எலக்சன் வந்தா ஸ்டேசன்ல கொண்டு போயி ஒப்படைப்போம், அங்க இன்ஸ்பெக்டர் மண்டைக்கு நேரா நின்னுக்கிட்டு இருக்கும். வருசா வருசம் ஆயுத பூசைக்குச் சந்தனம் வெச்சு, பொட்டு வெச்சு, கொழந்தைகளைச் சுத்தி நிறுத்திப் போட்டோ எடுப்போம். எம் பொண்ணு அஞ்சு வயசுல குழலு வாயில மோவாயை வெச்சுக்கிட்டுச் சிரிக்கற போட்டோ இன்னும் செவுத்துல மாட்டியிருக்குது. அன்னைக்கு ஊட்டுக்குப் போயி மொதல் வேலையா அதைக் கழட்டிப் பீரோவுக்குள்ள வெச்சேன். மருந்து ஈரம் பட்டு எப்பவோ செத்துப் போச்சு, ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நாயுடு சொன்னாரு.

எங்கம்மாகிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். எங்கூட்டுக்காரி நோண்டி நோண்டிக் கேட்டா. என்னாச்சு, எத்தன லச்சம் போகுமாமா, மேக்காட்டை வாங்கீறலாமான்னு. எனக்கு ஆத்தரம் வந்து, ஒண்ணும் போகாதுடி, எங்கய்யன் சுடவே இல்லையாமா, எல்லாம் உள்ளயே இருக்குதுன்னு கத்திப்போட்டேன். எங்கம்மா பொறக்கடையில அவரைக்கா உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. நல்லாக் காது கேக்கும் அதுக்கு. முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டே வந்து நின்னுச்சு.

நாரு இருந்துச்சாடான்னு கேட்டுச்சு. இருந்துச்சும்மான்னேன். பழைய நாரா? மக்கிப் போன நாரும்மா. சைக்கிளு குண்டா? ஆமாம்மா. செவுத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. அப்பறம் கேக்குது, அன்னைக்கு உனக்கு ரெண்டு சத்தமாடா கேட்டுது? என்னம்மா ரெண்டு சத்தம்னேன். அன்னைக்குப் பக்கத்துத் தோட்டத்துல கெணத்துக்கு வேட்டு வெச்சாங்கடா, பாறை ஒடைக்கறதுக்கு. பொழுதோட வேட்டு வெக்கறோம், ஆட்டையெல்லாம் உள்ள ஓட்டிக்குங்கன்னு வந்து சொல்லீட்டுப் போனாங்க. நான் பட்டிக்குள்ள ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு சத்தந்தான் கேட்டுது. ரெண்டும் ஒண்ணா வெடிச்சுருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன், இத்தன வருசமா அப்பிடித்தாண்டா நெனச்சுக்கிட்டு இருந்தேன்னுச்சு.

இப்ப நீங்க சொல்லுங்க. ஒரு கெழவி, எம்பதைத் தொடப் போகுது, எப்பவோ கேட்ட சத்தத்தை வெச்சுக்கிட்டு எங்கய்யன் சுடலைன்னு சொன்னா, ஊரு ஒத்துக்குமா? ஊரே கேட்டுச்சுங்களே துப்பாக்கிச் சத்தத்தை! வேட்டுச் சத்தம் வேற, துப்பாக்கிச் சத்தம் வேற. நான் கேட்டேன். நான் அங்க இருந்தேன்.

மறுநாள் காத்தால காணம். கோயலுக்குப் போயிருக்கும்னு பாத்தா, எம் மச்சான் ஊட்டுக்காரி, மாமனோட மருமக, தனக்கொடின்னு பேரு, போன் பண்றா. அண்ணா, உங்கம்மா எங்கூட்டு வாசல்ல நிக்கறாங்க, உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கறாங்க, எங்க மாமனாரை வெளிய வரச் சொல்றாங்கன்னு. வாய்க்கா மேட்டு மேலயே நடந்து போயிருக்குதுங்க, தனியா! நான் வண்டியெடுத்துக்கிட்டு ஓடுனேன். கையோட துப்பாக்கியவும் எடுத்துக்கிட்டேன். சண்டைக்கில்லீங்க. மாமன் ஒருத்தராவது இதைப் பாத்து, ஆமா இதுதான் என்னைச் சுட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்னுதான்.

நான் போறப்ப அவரு வெளிய வந்து நாற்காலியில உக்காந்திருந்தாரு. ஆளு சுருங்கிப் போயிட்டாரு. எங்கம்மா எதுத்தாப்புல தரையில உக்காந்துக்கிட்டு, மாரப்பா, அவரு சுடலீடா, துப்பாக்கிக்குள்ளயே இருக்குதாமாடா, சுடவே இல்லீடான்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுது. சிரிக்குதா அழுகுதான்னு தெரியலை. மாமனுக்கு வந்துச்சு பாருங்க கோவம்! சுடலைன்னு எவன் சொன்னான்னு கத்தறாரு. வேட்டியத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டறாரு. இது என்ன, இது என்ன, இது என்னன்னு ஒவ்வொரு தழும்பாத் தொட்டுக் காட்டறாரு. கிளுவ முள்ளு கிழிச்சதுன்னு சொல்லுவியா? அப்ப நான் கெணத்து வேட்டுக்குப் பயந்து ஓடி வேலியில உளுந்தவனா? ஊரைக் கூட்டிக் கேளு, என்னை எதுக்குத் தலைவராக்குனாங்கன்னு கேளு!

எனக்கு உசுரு திரும்பி வந்தாப்புல இருந்துச்சுங்க. மாமா, நல்லாச் சொல்லுங்க மாமான்னு பக்கத்துல போயி நின்னேன். துப்பாக்கிய வாங்கி மடியில வெச்சுக்கிட்டு, குதிரையத் தடவிப் பாத்துட்டு, இதேதாண்டா, உங்கய்யன் ஆம்பளைடா, குறி பாத்து அடிச்சாருன்னாரு. எங்கய்யனை அவரு வாயால அப்பிடிச் சொல்லி எம் பொறப்புல கேட்டதில்லை. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து காப்பி குடிச்சோம். மாமா, இதையே ஒருக்கா போனைப் பாத்துச் சொல்லுங்கன்னேன். துண்டை ஒதறித் தோளுல போட்டுக்கிட்டு, பேரு, ஊரு, மடை, சத்தம், ரவை எல்லாத்தையும் வரிசையாச் சொன்னாரு. காலையும் காட்டுனாரு. இதுல இருக்குதுங்க, பாக்கறீங்களா? செரி, அப்பறமாப் பாருங்க. காரைக்குடிக்காரன் இதைப் பாத்துட்டுப் பழைய இரும்புன்னு சொல்லட்டும் பாக்கலாம்.

தனக்கொடிக்குத்தான் பொறுக்கலை. நல்ல புள்ள, ஆனா வாயி எச்சு. ரெண்டு ஆம்பளைகளும் பேசி முடிச்சாச்சான்னா. உள்ள போயி ஒரு கவரை எடுத்தாந்து எங்கம்மா மடியில வெச்சா. கோடிச் சேலை. எங்கய்யன் போன அன்னைக்கே மாமன் எடுத்தாந்திருக்கறாரு. வாய்க்காப் பாலம் வரைக்கும் வந்துட்டு, தன்னைச் சுட்டவன் எழவுக்கே வந்துட்டான்னு ஊரு பேசுமேன்னு திரும்பிப் போயிட்டாராமா. பீரோவுல இருந்துச்சாமா. நீ எதுக்கு இதையெல்லாம் எடுத்தாறேன்னு மாமன் அவளைத் திட்டறாரு. அவ நின்னுக்கிட்டே இருக்கறா.

எங்கம்மா சேலைய மடியில வெச்சுக்கிட்டு மாமன் காலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் கைய நீட்டி அந்தத் தழும்பைத் தடவுச்சு. நெசமாவே குண்டு பட்டிருந்தா இது எப்பவோ ஆறியிருக்கும்டா மாரப்பான்னுச்சு. கேட்டீங்களா? தழும்புன்னா ஆறுனதுதான? ஆறாமயா தழும்பாகும்? நான் அதைச் சொன்னேன், ஆறித்தானம்மா இருக்குதுன்னு. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

செரி எந்திரி, போலாம், வண்டி நிக்குதுன்னேன். வரலைன்னுருச்சு. ஏம்மா, கோடியும் வாங்கியாச்சு, மொகத்தையும் பாத்தாச்சு, இன்னும் என்னன்னேன். உங்கய்யன் கடைசி வரைக்கும் சொல்லாமப் போயிட்டாரு, இவன் ஒருத்தன்தான் பாக்கி, என்னைக்காவது ஒரு நாள் இவன் வாயால சொல்லுவான், அன்னைக்கு நான் பக்கத்துல இருக்கோணும்னுச்சு. மாமன் அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. இன்னைக்கு எட்டு நாளாச்சுங்க. அங்கயேதான் இருக்குது. அவருக்குச் சோறு போடுது, காலுக்கு எண்ணெய் தேய்ச்சு உடுதாமா. அவரு ஒண்ணும் சொல்லலை. சொல்லவும் மாட்டாரு. தனக்கொடிதான் தெனமும் போன் பண்ணி, அண்ணா நீங்களாவது ஒத்துக்குங்க, நீங்க ஒத்துக்கிட்டா அவரும் எறங்கி வருவாருங்கறா. நான் எதை ஒத்துக்கறது? பெத்த அப்பனைப் பொய்யன்னு நான் சொல்லோணுமா? எங்கூட்டுக்காரியும் அவகூடச் சேந்துக்கிட்டா. ஒருத்தருக்காவது எம் பக்கம் நின்னு பேசத் தோணுதா பாருங்க.

என்னுங்க? சத்தமாக் கேளுங்க, இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் வெளங்கலை. எனக்கு என்ன தோணுதுன்னா? எங்கய்யன் சுட்டாரா இல்லையான்னா?

சுட்டாருங்க. சுட்டிருக்கோணுமில்லீங்களா. இல்லாட்டி எங்கம்மா இத்தன வருசமா அந்த வாய்க்கா மேட்டுல நின்னு எதுக்குங்க அழுதுச்சு?